வரவரப் பெரியவர்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலைத் தரிசித்துவிட்டு நாலு கடை தள்ளி நடந்தால், தே தாரிக் கிளாஸைக் கையில் ஏந்தி, உலகத்தின் போக்கை அதன் நுரையிலேயே ஆராய்ந்தபடி வீற்றிருக்கும் பெரியவர் ஒருவரை எந்த மாதத்திலும் காணலாம். இவர் தனி மனிதரல்லர், ஒரு வர்க்கம். எந்த வஸ்துவும் இந்த வர்க்கத்தாருக்கு இருந்தபடி இருப்பதில்லை. வெயில் வரவரக் கொளுத்தும். சகதர்மிணி வைக்கும் ரசம் வரவர நீர்க்கும். மருமகனின் மரியாதை வரவரத் தேயும். முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கணக்குக் கேட்பது அபசாரம்.

1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். காலை வேளையில் அதன்மேல் வண்டிகள் ஊர்வதைக் கண்டு, "பாலம் வரவர நீண்டுக்கிட்டே போகுது தம்பி" என்று இவர் வெகுகாலம் பிரசங்கித்து வந்தார். (அந்த வேளையில் அங்கே அகப்பட்டவர் எவரும் இவரை மறுக்கத் துணியார்.) 2014-இல் 24 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டபோது, அது வேறு பாலம் என்ற அற்ப விவரத்தைப் பொருட்படுத்தாமல், தம்முடைய தீர்க்கதரிசனம் பலித்துவிட்டதாகவே கருதி, "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று கடைக்காரரைக் கேட்டு, அன்று ஒரு வடை அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆனால் இவருடைய பிரதிபை பூரணமாகப் பிரகாசிப்பது தைப்பூசத்துக்கு முதல் நாள்தான். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்படும் செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலையைச் சேர இரவாகிவிடும். வழிநெடுகத் தமிழரும் சீனரும் குவித்து வைத்திருக்கும் தேங்காய்களை உடைத்துத் தீர்த்தால்தானே அது நகரும்? 2017 முதல் மலைக்கோவிலின் தங்க ரதமும் சேர்ந்துகொண்டதில் இவருக்குப் பேச விஷயம் இரட்டித்தது.

"தேங்காய் வரவரக் கூடிப்போச்சு, ரதம் அசையவே மாட்டேங்குது," என்றார் ஒரு தைப்பூசத்தில்.

பக்கத்தில் நின்ற பையன், "போன வருஷத்தைவிடக் குவியல் சின்னதாத்தானே இருக்கு, தாத்தா?" என்றான்.

"அதைத்தான் நானும் சொல்றேன். வரவர ஜனங்களுக்குப் பக்தியே இல்லை!"

பையன் வாயடைத்து நின்றான். பெரியவரோ வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலடியில் சிதறிக் கிடந்தவற்றில் நல்லதாக இரண்டு சில்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வாய் வேற வரவர நீளுது," என்றார்.