அந்தா தெரியுதுல்ல, அதான் கோட்டை

லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பக்கம் போகிறவர்கள் இரண்டு பேரிடமிருந்து தப்ப முடியாது. ஒருவர் பால்கோவாக் கடைக்காரர். இன்னொருவர் போர்க்கள மாமா. முன்னவர் அரைக் கிலோவோடு விட்டுவிடுவார். பின்னவர் நெற்கட்டும்செவல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் நிறுத்தி, ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டி, "எப்படி?" என்பார்.

போர்க்கள மாமா ஓர் ஆள் அல்ல, ஓர் இனம். ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி என்று தென்காசி ரோடு நெடுக ஊருக்கு ஒருவர் உண்டு. ரிட்டயர்டு வாத்தியார், ரிட்டயர்டு சொசைட்டி செகரெட்டரி, ரிட்டயர்டு தபால்காரர். இந்தச் சித்திரத்தின் நாயகர் மில்லில் டைம்கீப்பராக இருந்தவர். அதனால் அவருடைய போர்களெல்லாம் ஷிப்டுக் கணக்கில்தான் நடக்கும். "பகல் ஷிப்டுல கும்பினிக்காரன் சுவத்துல ஓட்டை போட்டான். நைட் ஷிப்டுல புலித்தேவர் ஆளுங்க அதை அடைச்சுட்டாங்க. மறுநாள் காலையில வந்து பாத்தா சுவரு புதுசா நிக்குது!" நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவரைக் கிழக்கிந்தியக் கும்பினி வளைத்த, இருநூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய முற்றுகையில் லேட்டாக வந்தவன் யார் என்பதுகூட அவருக்குத் தெரியும் போலிருக்கும்.

அடையாளங்கள்: கையில் மடக்குக் குடை, மழைக்கல்ல, திசை காட்ட. அக்குளில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தின் ஜெராக்ஸும், எஸ்.சி.ஹில் 1914-இல் யூசுப்கானைப் பற்றி எழுதிய புத்தகத்தின் ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸும். படிக்க முடியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை, மனப்பாடம்.

ஆள் பிடிக்கும் விதமே தனி. சரித்திரம், போர் என்றெல்லாம் ஆரம்பிக்க மாட்டார். "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம் மாப்ளே. வண்டியில பெட்ரோல் இருக்குல்ல?" என்பார். சென்னை நம்பர் பிளேட்டோடு தெருவில் நுழையும் எந்தக் காரும் அவர் கணக்கில் படைக்குச் சேர்ந்துவிட்ட கார்தான்.

ரவுண்டு வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் தொடங்கும். அங்கே திருமலை நாயக்கரின் வயிற்றுவலியைச் சொல்லாமல் நகர்ந்தால் ஊர் மன்னிக்காது. ராஜாவுக்குத் தீராத வலி, இங்கே வந்து கும்பிட்டார், தீர்ந்தது என்பது ஐதீகம். மாமா இதை ஒரே மூச்சில் முடித்துவிடுவார். வயிற்றுவலியில் பீரங்கி இல்லை. "சரி, அது பதினேழாம் நூற்றாண்டு. இப்ப 1755-க்கு வா" என்று குடையை விரிப்பார்.

அந்த வருஷம் ஆற்காடு நவாபுக்காக வரி வசூலிக்க, கர்னல் ஹெரான் என்கிற கும்பினி அதிகாரி, நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் படையெடுத்து வந்தார். கூட வந்த சிப்பாய்களுக்குத் தலைவன் யூசுப்கான். மருதநாயகம் என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். 1756-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் யூசுப்கான் கைக்கு வந்தது. அதிலிருந்து 1761 வரைக்கும் அந்த ஆள் இந்தச் சீமையில் போன வழிதான் மாமாவின் வழி. ராஜபாளையம் தாண்டிக் கொல்லங்கொண்டான், அப்புறம் வாசுதேவநல்லூர், கடைசியில் நெற்கட்டும்செவல். ஐரோப்பாவில், இரண்டாம் உலகப் போரில் ஒரு டிவிஷன் நார்மண்டியில் இறங்கி ஜெர்மனி வரை போன தடத்தை ஏ.சி. பஸ்ஸில் பத்து நாள் சுற்றிக் காட்டுகிறார்கள். இங்கே அறுபது கிலோமீட்டருக்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் நாள் கணக்கு ஏறத்தாழ அதேதான், மாமா வாயைத் திறந்தால்.

வண்டி நிற்கும். மாமா இறங்குவார். குடை நீளும்.

"அந்தா தெரியுதுல்ல, அதான் கோட்டை."

தெரிவது ஒரு செல்போன் டவர். பக்கத்தில் தென்னந்தோப்பு. ஓர் எருமை.

"எது மாமா?"

"டவருக்கு அங்கிட்டு பாரு. மண்ணு லேசா மேடா இருக்கா?"

"மேடா இருக்கிற மாதிரிதான்..."

"கொத்தளம்!"

இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. பாளையக்காரர்களின் கோட்டைகள் மண்கோட்டைகள். குழைத்துத் திமிசு போட்ட சுவர், சுற்றி முள்வேலி. பீரங்கிக் குண்டு கல்சுவரில் பட்டால் கல் தெறிக்கும். மண்சுவரில் பட்டால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். 1759 கடைசியில் யூசுப்கான் திருவிதாங்கூர் படையையும் சேர்த்துக்கொண்டு வாசுதேவநல்லூரை வளைத்துப் பார்த்தும் முடியாமல் திரும்பினார். 1761-இல்தான் பிடித்தார். 1767-இல் இன்னொரு கும்பினிப் படை அதே ஊருக்கு மறுபடி வரவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட கோட்டைகள் எங்கே போயின என்றால், 1801-இல் கட்டபொம்மன் தம்பியையும் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்ட பிறகு, பாளையங்களில் கோட்டையும் கூடாது ஆயுதமும் கூடாது என்று கும்பினி உத்தரவு போட்டது. கல்லாக இருந்தால் இடித்த மிச்சமாவது கிடக்கும். மண்ணோ, அடுத்த ஐப்பசி மழையில் வயலோடு வயலாகிவிட்டது. ஆகவே இந்தப் பக்கத்துப் போர்க்களத்தில் பார்ப்பதற்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே சின்னம் மாமாதான். அவர் பேச்சை நிறுத்தினால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் நிறுத்த மாட்டார்.

சிகரம், நெற்கட்டும்செவல் காட்சி. அரசாங்கம் கட்டிய புலித்தேவர் நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. மாமாவுக்கு அது கொஞ்சம் இடைஞ்சல். நிஜமாகவே கண்ணில் படுகிற ஒன்று எதிரே இருந்தால் அவருக்குக் கை ஓடாது. தள்ளி, ஒரு பூவரச மர நிழலில் நின்று, ஹெரானாகவும் புலித்தேவராகவும் மாறிமாறி நடிப்பார். ஹெரான் கப்பம் கேட்கிறார். இருபதாயிரம் ரூபாய் கொடுத்தாலும் போதும், போய்விடுகிறேன் என்கிறார். கோட்டைக்குள்ளிருந்து பணமும் இல்லை, பயமும் இல்லை என்று பதில். ஹெரானிடம் சுவரை உடைக்கும் அளவுக்குப் பீரங்கி இல்லை, சிப்பாய்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் பாக்கி. வேறு வழியில்லாமல் மதுரைப் பக்கம் திரும்புகிறார்.

"இருபதாயிரத்துக்கு அத்தனை தூரம் வந்தானா?" என்று அத்தை கேட்பார். அத்தை எப்போதும் உடன் வருவார். போர்க்களத்துக்காக அல்ல. புளியங்குடி எலுமிச்சைக்காக.

"அந்தக் காலத்து இருபதாயிரம்டி!"

"எந்தக் காலமா இருந்தா என்ன. நீங்க சீட்டுப் பணம் கேட்டுப் போயிட்டு வெறுங்கையோட வருவீகளே, அந்த மாதிரிதான் வந்துருக்கான்."

மாமா இதைக் காதில் வாங்காமல் நத்தம் கணவாய்க்குப் போய்விடுவார், கையாலேதான். ஹெரான் முன்னமே கோயில்குடிக் கோயிலில் சாமி சிலைகளை எடுத்து வைத்துக்கொண்டு, மீட்க வேண்டுமானால் ஐயாயிரம் கொடுங்கள் என்று பேரம் பேசியவர். திரும்பும் வழியில் நத்தத்தில் கள்ளர்கள் மடக்கி, படையைச் சிதறடித்து, சிலைகளைக் கண்டதும் "சாமி! சாமி!" என்று கூவி மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரானைக் கும்பினியே விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்கியது. இதைச் சொல்லும்போது மாமா முகத்தைப் பார்க்க வேண்டும். மில்லில் அவரைப் பாடாய்ப் படுத்திய ஏதோ ஒரு மேனேஜரை அந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறார் என்பது என் ஊகம்.

இனி அவருடைய தொழில் நுட்பத்துக்கு வருவோம். வண்டியில் ஏறியதும் புது ஆளிடம், "தம்பிக்குச் சொந்த ஊரு?" என்பார். ஊரைச் சொன்னால் போதாது. "அங்க எந்தத் தெரு?" என்று தொடரும். குசலம் விசாரிப்பதாகத்தான் தோன்றும். அதற்குள் அன்றைய போரின் நாயகன் முடிவாகிவிடுவான். புலித்தேவருக்கு ஒண்டிவீரன் என்றொரு தளபதி. எதிரி முகாமில் புல்லுக்கட்டுக்குள் ஒளிந்திருந்தபோது குதிரை கட்ட அடித்த முளை அவர் கையில் இறங்க, சத்தம் போடாமல் கையையே வெட்டிக்கொண்டு வந்து காரியத்தை முடித்தார் என்பது கதை. வெண்ணிக்காலாடி என்றொரு தளபதி. சரிந்த குடலைத் தலைத்துண்டால் கட்டிக்கொண்டு போரிட்டார் என்று அவர் கதை. யூசுப்கானும் சாமானியரா? ஒவ்வொருவருக்கும் இன்றைக்குத் தனித்தனி விழா, தனித்தனி போஸ்டர், சில நாட்களில் தனித்தனி போலீஸ் பந்தோபஸ்து. மாமா எல்லார் புகழையும் பாடுவார், யாரையும் குறைக்க மாட்டார். வரிசைதான் ஆளுக்கேற்ப மாறும். வண்டியில் நான்கு தெருக்காரர்கள் இருந்தால் அன்றைக்கு முழுக்க ராஜபாளையம் நாயைப் பற்றித்தான் பேச்சு. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, பாளையக்காரர்களின் முகாமைக் காத்த நாய் என்று பெயர், 2005-இல் தபால்தலையில்கூட வந்துவிட்டது. நாய்க்குத் தெரு கிடையாது என்று நம்மூரில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் ஆபத்து குறைவு.

சத்திரப்பட்டிப் பக்கம் வண்டி திரும்பினால் அங்கே வேறொரு பாட்டு. ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். "ஊர் உலகத்துல எவன் அடிபட்டாலும் கட்டுறதுக்குத் துணி இங்கருந்துதான். நம்ம சண்டையையும் பாத்தோம், அடுத்தவன் சண்டைக்குக் கட்டும் போடுறோம்" என்பார். இதை மட்டும் யாராவது எழுதிக்கொள்ள வேண்டுமென்று எதிர்பார்த்து ஒரு நிமிஷம் நிறுத்துவார்.

அவருக்கென்று ஒரு தீராத மனக்குறை இருக்கிறது. 1997-இல் எலிசபெத் ராணியே சென்னைக்கு வந்து தொடங்கி வைத்த கமல்ஹாசனின் 'மருதநாயகம்' வெளிவரவில்லை. மற்றவர்களுக்கு அது நின்றுபோன சினிமா. மாமாவுக்கு நின்றுபோன ஜீவனோபாயம். "படம் மட்டும் வந்துருந்துச்சுன்னா நம்ம தெருவுல டூரிஸ்ட் பஸ் நிக்க இடமிருக்காது." நின்றாலும் முதல் ஆளாக ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

யூசுப்கானின் முடிவு வரைக்கும் கேட்கப் பொறுமையுள்ளவர்களை மதுரை சம்மட்டிபுரத்துக்குக் கூட்டிப்போவார். யாருக்காகப் புலித்தேவரை அடக்கினாரோ அந்த நவாபையும் கும்பினியையும் எதிர்த்துக் கடைசியில் யூசுப்கானே கிளம்பினார். 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டாக்கி ஊருக்கொன்றாக அனுப்பியதாக மரபு. சம்மட்டிபுரத்துத் தர்காவில் இருப்பது மிச்ச உடல். "தலை திருச்சியில. கை கால் வேற வேற ஊர்ல. எல்லாம் பாக்கணும்னா மூணு நாள் லீவு போடணும் மாப்ளே" என்று கேலண்டரைப் புரட்டும்போதுதான் மாப்பிள்ளைகளுக்கு ஆபீசிலிருந்து அவசர போன் வரும்.

போன வருஷம் பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் மகன் மாமாவை அழைத்துப் போனான். வாட்டர்லூ காட்டினான். நெப்போலியன் 1815-இல் தோற்ற இடம். கூம்பாக ஒரு செயற்கைக் குன்று, உச்சியில் சிங்கம், ஏற 226 படி. கண்ணாடிக்குள் துப்பாக்கி, சுவரில் படம், காதில் மாட்டினால் பேசும் கருவி. மாமாவுக்குத் திருப்தியே இல்லை. "எல்லாத்தையும் அவனே காட்டிப்புடறான். அப்புறம் கைடுக்கு என்ன வேலை?" என்று மகனிடம் சலித்துக்கொண்டாராம். அவருக்குப் பிடித்த ஒரே விஷயம் எட்வர்டு காட்டன் கதை. அந்தப் போரில் ஏழாவது ஹுஸார் படையில் இருந்த சிப்பாய். பிற்பாடு அங்கேயே குடியேறி, 1849-இல் சாகிறவரை வருகிறவர்களுக்கெல்லாம் களத்தைச் சுற்றிக் காட்டிச் சில்லறை சேர்த்து, ஒரு மியூசியமும் வைத்திருந்தவர். "நம்ம ஆளு" என்று உருகிவிட்டார்.

அடுத்து இத்தாலிக்குப் போகலாம் என்று மகன் ஆசை காட்டியிருக்கிறான். இந்திய டிவிஷன்கள் போரிட்ட காசினோ பக்கம் பஸ் போகிறது. அதன் அருகே மிக்னானோவில்தான் 1944 பிப்ரவரியில் மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்ரமணியன், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிரைக் கொடுத்து ஜார்ஜ் கிராஸ் வாங்கினார். காஞ்சிபுரம் பக்கத்து ஆள். மாமா உடனே ஃபைலில் புது ஜெராக்ஸ் சேர்த்துவிட்டார். இத்தாலிக்கு இன்னும் டிக்கெட் போடவில்லை. அதற்குள் கோயில் வாசல் டீக்கடையில் காசினோ மலை எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம் என்று பெஞ்சில் கிளாஸ்களை அடுக்கி விளக்கத் தொடங்கியாயிற்று.

ஐரோப்பாவிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு சேதி, அங்கெல்லாம் கைடுக்குத் தலைக்கு இவ்வளவு யூரோ என்று வாங்குகிறார்கள் என்பது. "நாமளும் ஒரு ரேட்டு வச்சா என்ன?" என்று வீட்டில் மெதுவாகப் போட்டுப் பார்த்தார்.

"வைங்க" என்றார் அத்தை. "டீக்கடையில ஆறு மாசப் பாக்கி நிக்குது. அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை வாங்குங்க."