கண்ணாடிக் கடைக் களவியல்

பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் தீர்ந்தபின் தேடிப் பார்த்ததில் எழுத்துக்கும் சொல்லுக்கும் புலவர்கள் கிடைத்தார்களாம். பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவரும் அகப்படவில்லையாம். அரசன் இடிந்துபோனான் என்கிறது இறையனார் களவியல் உரை. காதல் இலக்கணத்துக்கு ஆள் இல்லை என்று ஓர் அரசாங்கம் கவலைப்பட்டதாக வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் ஆலவாய்க் கடவுளே இரங்கி, 60 நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழே போட்டுவைத்தார். அறுபதையும் பார்த்தாயிற்று. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருத்தியிடம், ஐந்து நிமிஷப் பழக்கத்தை வைத்துக்கொண்டு, ‘ஒரு காபி சாப்பிடலாமா’ என்று கேட்பது எப்படி? அதற்கு அங்கே விதி ஏதும் இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

விதி இல்லையே தவிர, முன்னுதாரணத்துக்குப் பஞ்சமில்லை. குறிஞ்சித் தலைவியைத் தலைவன் எங்கே பார்த்தான்? தினைப்புனத்தில். அவள் அங்கே பரண்மேல் உட்கார்ந்து, தட்டையும் கவணும் கையுமாகக் கிளி விரட்டிக்கொண்டிருந்தாள். அதாவது பணி நேரம். வள்ளியிடம் முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் வந்ததும், தேனும் தினைமாவும் கேட்டதும், ஒருத்தி வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்த கதைதான். தமிழ்க் காதலில் பாதி வேலை நேரத்தில் விளைந்தது. அதனால் கிளிகள் தின்ற தினைக்குக் கணக்கு யாரும் எழுதவில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம், மதுரையில் ஒரு கண்ணாடிக் கடை. வேறு களங்களும் பரிசீலிக்கப்பட்டன. பேங்க் கவுன்ட்டரில் பின்னாலிருந்து டோக்கன்காரர்கள் நெருக்குவார்கள். ஜெராக்ஸ் கடையில் மெஷின் சத்தத்தில் எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். காதலை இரண்டு தரம் சத்தமாகச் சொல்வது கஷ்டம். மருந்துக் கடைச் சீட்டில் தலைவனின் மூல நோய் முதற்கொண்டு எழுதியிருக்கும். ஆகவே கண்ணாடிக் கடை.

நம் தலைவன் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், முப்பது ஆகவில்லை, இரண்டு கண்ணிலும் மைனஸ் நாலு. அகத்திணையில் ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் போட்ட தடை. அதை மீறும் உத்தேசமில்லை.

கண்ணாடி செய்வதற்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் 54க்கும் 74க்கும் நடுவில் இருக்கும். பெரிய கடைகளில் மெஷின் உண்டு. இந்தக் கடையில் சின்ன பிளாஸ்டிக் ஸ்கேல். அளக்கிற பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு முழத் தூரத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து, ஸ்கேலை நம் மூக்குத்தண்டின்மேல் வைத்து, தன் வலக்கண்ணை மூடிக்கொள்வாள். “என் இடது கண்ண மட்டும் பாருங்க சார்.” பிறகு இதை மூடி அதைத் திறந்து, “இப்ப இந்தக் கண்ணு.” இரண்டு கண்ணாலும் பார்த்துப் படித்தால் கோடு பிசகும் என்பதற்காகச் செய்வது இது, தொழில்முறை. ஆனால் முதல் சந்திப்பிலேயே ஒரு தலைவி இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடித் திறந்ததாகச் சங்க இலக்கியத்தில் எங்கும் காணோம். நடந்திருந்தால் புலவர்கள் விட்டுவைத்திருப்பார்களா?

அகப்பொருளுக்கு இலக்கணம் எழுதிய நாற்கவிராச நம்பி, ஒருதலைக் காதலான கைக்கிளையைக் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிதல் என்று நாலாக வகுக்கிறார். நம் தலைவனுக்குக் காட்சியிலேயே தகராறு. அளவெடுக்கும்போது பழைய கண்ணாடியைக் கழற்றியிருந்தான். மைனஸ் நாலு என்றால் 25 செ.மீ.க்கு அப்பால் எல்லாமே கலங்கல்தான். அவளோ ஒரு முழம் தள்ளி இருந்தாள். ஆக, அவன் கண்டது ஒரு குரலும், மூடித் திறக்கிற ஏதோ ஒன்றும். அடுத்த படியில் தலைவன் ‘இவள் தெய்வமா, மனுஷியா’ என்று மயங்க வேண்டும் என்பது மரபு. இவனுடைய மயக்கத்துக்கு மருத்துவக் காரணமே இருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டியதும் துணிவு வந்துவிட்டது.

எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் நாலாவது படி. தலைவன் திரட்டிய குறிப்புகள்: அவள் சிரித்தாள், “மூக்குல அழுத்துதா சார்?” என்று அக்கறையாகக் கேட்டாள்; ஒரு பிரேமை எடுத்து, “இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு” என்றாள். அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரின் முகத்துக்கும் இதே போல ஒன்று எடுப்பாகத்தான் இருந்தது. அதைத் தலைவன் கணக்கில் சேர்க்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் தலைவனைக் கண்டிப்பதற்காகவே இலக்கணம் பாங்கன் என்ற தோழனைப் படைத்திருக்கிறது. இவன் பாங்கன் அதை டீக்கடை வாசலில் செய்தான்.

“மாப்ள, போன மாசம் எனக்கும் அதே ஸ்கேல்தான். என்னையப் பாத்தும் ரெண்டு கண்ணையும் மூடித் தொறந்தா. அறுவத்தஞ்சுன்னு எழுதிக்கிட்டா. அம்புட்டுதேன்.”

சிரிப்பும் சம்பளத்துக்குள் அடங்கிய உழைப்பு என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்டு, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983ல் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். பாங்கன் அதை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்தான்.

முதல்நாள் பார்த்த இடத்திலேயே மறுபடி பார்ப்பது இடந்தலைப்பாடு. பழந்தலைவனுக்கு அது விதியின் கையில் இருந்தது. இவனுக்கோ பில்லிலேயே ‘டெலிவரி: வியாழன்’ என்று அச்சாகியிருந்தது. வியாழன் கழிந்தபின் அவன் கைக்கொண்டது கெடுதி வினாதல். அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு புனத்துக்குள் நுழைவது அந்தக் காலம். இவன் ஸ்குரூ கழன்றுவிட்டது என்று வந்தான். மூக்குப் பட்டை உறுத்துகிறது என்று வந்தான். துடைக்கிற துணி கொடுத்தீர்களா என்று கேட்டு வந்தான், சட்டைப் பையில் அது எட்டிப் பார்க்க. அவள் காதுப் பக்கத்துக் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுத்து, “சர்வீஸ் ஃப்ரீதான் சார்” என்றாள். கையுறையாக, அதாவது காணிக்கையாக, ஒரு நாள் கால் கிலோ அல்வா வந்தது. அல்வா கொடுக்கிற தலைவனை எந்தத் தோழி நம்புவாள்? கல்லாவில் இருந்த அக்கா டப்பாவை வாங்கி, உள்ளே லென்ஸ் தேய்க்கும் பையன் வரை எல்லாருக்கும் பங்கு வைத்தாள். பிறகு சொன்னாள்: “தம்பி, நாங்க டைட் பண்ணுனா ஸ்குரூ நிக்கும். நீங்க கழட்டாம இருந்தாப் போதும்.”

தோழி தலைவனை இப்படித் தள்ளி நிறுத்துவதற்குச் சேட்படை என்று பெயர். 25 அதிகாரமும் 400 பாட்டும் உள்ள திருக்கோவையாரில் அதற்கென்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அங்கேயும் இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இங்கே கட்டுரையாளன் தன் கட்சியைச் சொல்லிவிட வேண்டும். தினைப்புனத்தையும் கடையையும் சமமாக வைப்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. புனம் அவள் அப்பனுடையது. கையில் கவண் இருந்தது; பிடிக்காதவன் வந்தால் கிளிக்கு வைத்த கல்லை அவன்மேல் வீசலாம், இறங்கி வீட்டுக்கும் போகலாம். கடைக்காரப் பெண்ணிடம் இருப்பது, “வேற ஏதாவது பாக்கணுமா சார்?” என்ற ஒரே வாக்கியம். அவள் உட்காருவதற்கு இருக்கை போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது; குறிஞ்சித் தலைவிக்குப் பரண் எப்போதும் இருந்தது. இவன் கேட்டுவிட்டுப் போய்விடலாம். அவள் ஷட்டர் இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ஆகவே அவளிடம் இல்லாத கவணுக்கும் சேர்த்துக் கேட்கிறவன்தான் நிதானம் காட்ட வேண்டும்: பணம் கட்டி முடித்து, பின்னால் ஆள் இல்லாத சமயமாகப் பார்த்து, அவள் நம்பரைக் கேட்காமல் தன் நம்பரைக் கொடுத்து, ஒரே தடவை.

மறுத்தால் மடலேறலாம் என்று பழைய இலக்கணம் இடம் கொடுத்தது. எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு பனைமட்டைக் குதிரையில் அவள் தெருவழியே போவது. ஊரைக் கூட்டி மிரட்டுவது என்றும் சொல்லலாம். இன்றைய மடல், கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டு ‘ஸ்டாஃப் மேடம் மிகவும் அன்பானவர்’ என்று எழுதுவதில் தொடங்கி, கடை மூடும் நேரத்தில் எதிரே பைக்கைச் சாய்த்து நிற்பதில் முடிகிறது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்வது 2013 முதலே தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. மடலுக்கு இருந்த இலக்கண அனுமதி ரத்தாயிற்று என்று கொள்க.

தலைவன் கடைசியில் கேட்டான். பில்லின் பின்பக்கம் நம்பரை எழுதி நீட்டி, “ஏங்க, இனிமே ஸ்குரூ கழலாது. உங்களுக்கு இஷ்டம்னா ஞாயித்துக்கிழம ஒரு காபி சாப்பிடலாம். இல்லேன்னா இதக் குப்பையில போட்டுருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்றான். மூச்சு விடாமல் சொன்னதில் கண்ணாடியில் ஆவி படிந்தது.

அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். கல்லா அக்காவைப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழம கடை உண்டு சார். எனக்கு லீவு செவ்வாக்கிழமதான்” என்றாள். சீட்டை ஸ்கேல் டப்பாவுக்குள் வைத்துவிட்டு, அப்போது உள்ளே வந்த ஒருவரைப் பார்த்து, “உக்காருங்க சார்” என்று ஸ்டூலை இழுத்தாள்.

இவ்விடத்துக்கு உரை இரண்டு. மறுப்பவள் லீவு நாளைச் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே உடன்பாடு என்பார் ஒரு சாரார். கடை நேரம் கேட்ட வாடிக்கையாளருக்குத் தகவல் சொன்னாள், அவ்வளவே. ‘சார்’ இன்னும் போகவில்லை, எல்லாச் சீட்டும் அந்த டப்பாவுக்குள்தான் போகிறது என்பது பாங்கன் கட்சி. தோழி உரை எழுத மறுத்துவிட்டாள். தலைவன் செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான், அரை நாளுக்கு மட்டும்.