இன்னும் அரை மைல்தான்

என் வீட்டுக்காரர் கையில் ஒரு பட்டியல் கிடைத்துவிட்டால் போதும், அதில் உள்ள எல்லாவற்றையும் டிக் அடிக்கும்வரை மனிதருக்குத் தூக்கம் பிடிக்காது. மளிகைப் பட்டியல் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் கொத்தமல்லி எப்போதும் விட்டுப்போகும்.

நியூயார்க் மாநிலத்து கேட்ஸ்கில் மலைக்காட்டில் பழைய தீக்கண்காணிப்புக் கோபுரங்கள் ஆறு இருக்கின்றன, ஆறுக்கும் போய்வந்து, போன தேதிகளை எழுதி அனுப்பினால் ஒரு துணிப் பேட்ச் கொடுப்பார்கள் என்று ஒருநாள் காலை காபியோடு அவர் அறிவித்தார். மாநிலச் சுற்றுச்சூழல் துறையும், நடைபாதைகளைப் பராமரிக்கும் தொண்டர் அமைப்பும் சேர்ந்து நடத்துகிற சவால். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

"மலை எவ்வளவு ஒசரம்?"

"பெருசா ஒண்ணுமில்ல. இருக்கறதுலயே ஒசரம் ஹன்டர் மலை, 4,040 அடி. நம்ம ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல. அங்கயே ஏறி எறங்கினவ நீ!"

"அங்க ஏறினது நான் இல்லீங்க, பஸ்ஸு."

அவர் காதில் விழவில்லை. நியூஜெர்சியில் பொழுது விடியுமுன்பே கிளம்பினோம். புளியோதரை, உருளைக்கிழங்கு சிப்ஸ், தண்ணீர், உண்ணிக்குப் பயந்து சாக்ஸுக்குள் செருகிய பேன்ட். கண்ணாடியில் பார்த்தபோது இருவரும் கபடி ஆட்டத்தில் பாதியில் வெளியேற்றப்பட்டவர்கள்போல் இருந்தோம்.

இந்தக் கோபுரங்களுக்கு ஒரு கதை உண்டு. 1903-லும் 1908-லும் நியூயார்க் மாநிலக் காடுகளில் பெருந்தீ. மரம் வெட்டியவர்கள் விட்டுப்போன காய்ந்த கிளைகள் ஒருபக்கம், அவற்றின்மேல் பொறியைத் தூவிக்கொண்டே போன நீராவி ரயில்கள் இன்னொருபக்கம். சுதாரித்துக்கொண்ட அரசு, 1909 முதல் மலையுச்சிகளில் கோபுரம் கட்டி ஆள் உட்காரவைத்தது. முதலில் மரத்தில் கட்டினார்கள், பிறகு இரும்பில். இரும்புக் கோபுரங்களைச் செய்துகொடுத்தது சிகாகோவில் காற்றாலை செய்துகொண்டிருந்த ஏர்மோட்டார் கம்பெனி. விமானத்திலிருந்து புகையைப் பார்க்கும் காலம் வந்ததும் ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். கேட்ஸ்கில்லில் கடைசிவரை ஆள் இருந்தது ரெட் ஹில் கோபுரத்தில். அதுவும் 1990-இல் முடிந்தது. துருப்பிடித்து நின்றவற்றை ஊர்க்காரர்கள் காசு திரட்டிப் புதுப்பித்தார்கள். இதை எல்லாம் ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர் யார் என்று கேட்கவேண்டாம்.

முதலில் ஓவர்லுக் மலை. உட்ஸ்டாக் ஊருக்கு மேலே, ஒரு திபெத்திய மடத்துக்கு எதிரே பாதை தொடங்குகிறது. அந்தக் காலத்துக் குதிரை வண்டிப் பாதை. அகலமான சரளைக்கல் ரோடு, வளைவு நெளிவு அதிகமில்லை, மேலே, மேலே, மேலே. வழியில் பார்க்க ஒன்றும் கிடையாது, அதனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருந்தது. அது எந்தத் தம்பதிக்கும் நல்லதல்ல. ரேட்டில் பாம்பு உலவும் இடம், கவனம் என்று எச்சரிக்கை வேறு. "கிலுகிலுன்னு சத்தம் போட்டுட்டுத்தான் கடிக்கும்" என்று தைரியம் சொன்னார்.

பாதி வழியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு. மேல ஒரு ஹோட்டல் இருக்கு."

அந்த ஒரு சொல்லுக்காகவே எழுந்தேன். சூடாக ஒரு காபி, ஒரு நாற்காலி, முடிந்தால் ஒரு மின்விசிறி. வளைவு திரும்பியதும் ஹோட்டல் வந்தது. மூன்று மாடி உயரத்துக்குக் காங்கிரீட் சுவர்கள். கூரை இல்லை. கதவில்லை, சன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை. சாப்பாட்டுக் கூடமாக இருந்திருக்கவேண்டிய இடத்தில் நல்ல வளர்த்தியாக மரங்கள். பணக்காரர்களுக்காகக் கட்டிய விடுதி, பலமுறை தீப்பிடித்து, கட்டி முடியாமலே கைவிடப்பட்டது.

"ஹோட்டல்தானே சொன்னேன்? காபின்னு சொன்னேனா?"

உச்சியில் கோபுரம். படிகள் இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பி ஏறுகின்றன. பக்கவாட்டில் கம்பிவலைதான். காற்று அடிக்கும்போது முழுக் கோபுரமும் மெல்ல முனகுகிறது. மேலே ஏழடிக்கு ஏழடி இரும்பு அறை, சுற்றிலும் சன்னல். நடுவில் ஒரு வட்ட மேசை, மேசைமேல் வட்டமான வரைபடம், அதன்மேல் சுழலும் ஒரு குறிபார்க்கும் சட்டம். கோடைகால வார இறுதிகளில் அங்கே உட்காரும் தன்னார்வலர்களில் ஒரு பாட்டி அன்றைக்கு இருந்தார். விளக்கினார்: எங்கேயாவது புகை தெரிந்தால் சட்டத்தை அந்தப் பக்கம் திருப்பித் திசையைக் குறித்துக்கொள்வார்கள். திசை தெரியும், தூரம் தெரியாது. உடனே ஃபோனில் இன்னொரு மலைக் கோபுரத்துக்காரரைக் கூப்பிட்டு, அவருக்கு அதே புகை எந்தத் திசை என்று கேட்பார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தீ.

எனக்கு ஞானம் பிறந்தது அங்கேதான். இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வரவேண்டுமென்றால், நடுவில் பல மைல் இடைவெளி வேண்டும். ஏழடிக்கு ஏழடிக்குள் நின்று, ஹட்சன் ஆறு எந்தப் பக்கம் என்பதிலேயே நாங்கள் இருவரும் ஒத்துப்போகவில்லை.

ஹன்டர் மலையில்தான் "அரை மைல்" முழு வீச்சில் வந்தது. ஸ்ப்ரூஸ்டன் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவழி மட்டும் மூன்று மைலுக்கு மேல். மலையின் மறுபக்கத்தில் பனிச்சறுக்குக்காரர்களுக்கு லிஃப்ட் உண்டு என்ற தகவலை எனக்குப் பாதி வழியில் வேறு யாரோதான் சொன்னார்கள். இந்தக் காடுகளின் மரங்களை வெட்டக்கூடாது, விற்கக்கூடாது என்று 1894-லேயே மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். முழங்காலுக்கு ஒரு பிரிவும் எழுதவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரங்க?"

"அரை மைல்தான். கூப்பிடு தூரம்."

அரைமணி நேரம் கழித்துக் கேட்டேன். அப்போதும் அரை மைல். அடுத்த திருப்பத்தில் பழுப்பு மரப்பலகையில் மஞ்சள் எழுத்து, இன்னும் ஒரு மைலுக்கு மேல் இருப்பதாகச் சொன்னது. அந்தப் பலகைகள் சுத்தமாகக் கணக்குச் சொல்பவை.

"அது பழைய போர்டு" என்றார் வீட்டுக்காரர்.

சரி, இவர்தான் இப்படி என்றால், எதிரே இறங்கி வந்த வெள்ளைக்கார இளைஞன், தாடிக்காரப் பெரியவர், நாயோடு வந்த பெண் எல்லாரும் முகம் மலர "வந்துட்டீங்க, இதோ வந்துட்டீங்க!" என்றே சொல்லிப் போனார்கள். மலை இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் அது. நாய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பாவமாகப் பார்த்தது.

டிரெம்பர் மலையில் இறங்கும்போது எனக்கும் முறை வந்தது. பாறைமேல் ஒரு பெண் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன், களவு பிடிபட்டவன் முகத்தோடு. "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள். இரண்டு மைல் தாராளமாக இருந்தது. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அவன் கண்ணாலேயே என்னைக் கும்பிட்டான்.

"அரை மைல்தான்மா" என்றேன், ஆங்கிலத்தில், மனமார. அவள் எழுந்தாள். அவளிடம் இரண்டு மைல் என்று சொல்லியிருந்தால் அவள் கோபுரத்தையே பார்த்திருக்கமாட்டாள். மேலே போய்ச் சேர்ந்தபின் வைதிருப்பாள், வையட்டும். வைவதற்காவது உச்சிக்குப் போனாளே.

பால்சம் லேக் மலை, ரெட் ஹில் எல்லாம் ஏறி முடித்தோம். ஆறாவது கோபுரம், கேட்ஸ்கில் பார்வையாளர் மையத்தில், கார் நிறுத்துமிடத்திலிருந்து சின்ன நடை. அவர் சொன்ன கூப்பிடு தூரங்களில் நிஜமான கூப்பிடு தூரம் அது ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து அவர் வாயே திறக்கவில்லை.

பேட்ச் வந்தது. உள்ளங்கையளவு. எதில் தைப்பது என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம். அவருடைய முதுகுப்பை என்று அவரும், குளிர்கோட்டு என்று நானும் சொல்ல, இப்போது அது குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தத்தில் தொங்குகிறது, கொத்தமல்லி இல்லாத மளிகைப் பட்டியலுக்குப் பக்கத்தில்.

போன வாரம் அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது நானே பேச்செடுத்தேன். 3,500 அடிக்கு மேற்பட்ட கேட்ஸ்கில் மலைகளையெல்லாம் ஏறியவர்களுக்கென்று 1962 முதல் ஒரு சங்கம் இருக்கிறது, அதற்கும் பேட்ச் உண்டு என்று.

"எத்தனை மலை?" தைலக்கை பாதியில் நின்றது.

"கொஞ்சந்தாங்க."

ஃபோனை வாங்கிப் பார்த்தார். "முப்பத்து மூணுன்னு போட்டிருக்கு! அதுல நாலை பனிக்காலத்துல மறுபடி ஏறணுமாம்!"

"முன்னாடி முப்பத்தஞ்சு இருந்துச்சாம்" என்றேன். "ரெண்டு மலை இருக்கற எடத்தை சொந்தக்காரங்க அடைச்சிட்டதால எடுத்துட்டாங்களாம். பாருங்க, நாம ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள ரெண்டு கொறஞ்சிருச்சு."