சும்மா கொடுத்த சிப்பாய்: போத்தனூர் ஜங்ஷனை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

செஸ் ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே ஒரு சிப்பாயை எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த அவகாசத்தில் தாக்குதலுக்கு ஆள் சேர்ப்பதற்கு கேம்பிட் என்று பெயர். இது வீரமா, வீண்செலவா என்பது பல தலைமுறையாகத் தீராத வழக்கு. அறிஞர்கள் பலகையைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவரின் பயணச்சீட்டைப் பார்க்கத் தவறினார்கள். அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது.

2. களத் தேர்வு

போத்தனூர் 1862-லேயே ரயிலைக் கண்ட ஊர். பாலக்காடு, பொள்ளாச்சி, இருகூர், கோவை என நாலு திக்கும் தண்டவாளம் பிரிவதால் காத்திருப்போருக்குப் பஞ்சமில்லை. ஸ்டேஷனை ஒட்டிய பேக்கரி மேசையில் டீ, தேங்காய் பன், செஸ் பலகை மூன்றும் ஒருசேரக் கிடைத்தன. தவிர, விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகக் கைகொடுத்தது கோவையில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் போட்டி. அந்தக் காற்று போத்தனூர்ப் பக்கமும் அடித்திருக்கும் என்பது நம் முதல் ஊகம். ஆதாரம் கேட்கக் கூடாது.

3. முன்னோர் ஆய்வுகள்

1848-இல் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர், மொஹேஷ்சந்தர் என்ற வங்காளியோடு ஆடும்போது இரண்டு சிப்பாய்களுக்காக ஒரு குதிரையையே பலி கொடுத்தார். 1851-இல் லண்டனில் ஆண்டர்சன் என்ற ஆட்டக்காரர், கிங்ஸ் கேம்பிட் என்ற வகையில் தொடங்கி, மந்திரி, இரண்டு யானைகள், ராணி வரை வாரி வழங்கிவிட்டு ஜெயித்தார். 1960-இல் அதே கேம்பிட்டில் ஸ்பாஸ்கியிடம் தோற்ற பாபி ஃபிஷர், மறு ஆண்டே அது செல்லாது என்று கட்டுரை எழுதி அடக்கம் செய்தார். 1963-இல் அவரே அதைத் தோண்டியெடுத்து ஆடி ஜெயித்தார். ஆகவே அறிஞர் கருத்தை நம்பிப் பயனில்லை என்பது அறிஞர்களாலேயே நிறுவப்பட்டது.

4. வகைப்பாடு

குயின்ஸ் கேம்பிட்டில் கொடுக்கும் சிப்பாய் கல்யாண மொய் மாதிரி. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் திரும்பி வந்துவிடும். கிங்ஸ் கேம்பிட் சிப்பாய்க்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆனால் போத்தனூரில் செல்வாக்குள்ளது மூன்றாவது வகை: எங்லண்ட் கேம்பிட்.

5. களச் சான்று

பொள்ளாச்சி வண்டிக்குக் காத்திருந்தவர் வெள்ளை. கல்லூரித் தம்பி கறுப்பு. வெள்ளை ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தினார். தம்பி தன் ராஜாவின் சிப்பாயைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்தார்.

"ஏனுங் தம்பி, சும்மாவா குடுக்கறீங்க?"

"எடுத்துக்கோங்ணா."

எடுத்தார். கறுப்பு ராணி கிளம்பி வந்து செக் வைத்தது, இன்னொரு சிப்பாயைத் தின்றது, மூலையில் நின்ற யானையைக் குறி வைத்தது. அண்ணன் மணி பார்த்தார். மந்திரியை முன்னே தள்ளினார். ராணிக்கு மிரட்டல், யானைக்குக் காவல், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அங்கேதான் வினை. கறுப்பு மந்திரி எதிரே வந்து குறுக்கே நின்றது. எட்டாவது நகர்த்தலில் ராணி கடைசி வரிசையில் இறங்கி செக்மேட். மந்திரிக்குப் பதில் குதிரையை நகர்த்தியிருந்தால் ஆட்டம் வெள்ளைக்குத்தான். அதை யோசிக்க இன்னொரு டீ குடிக்கும் நேரம் வேண்டும். வண்டி வந்துவிட்டது.

இதே வலையை ரிட்டையரான ரயில்வே கார்டு ஒருவருக்கு விரித்தபோது அவர் சிப்பாயை எடுத்தார், பன்னைப் பிய்த்தார், பேப்பர் படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், குதிரையை நகர்த்தினார். தம்பிக்குச் சிப்பாயும் போயிற்று, ஆட்டமும் போயிற்று.

வெற்றி தோல்விப் பட்டியல் தர இயலவில்லை. தோற்றவர்கள் ஆட்டம் நடந்ததையே மறுக்கிறார்கள்.

6. முடிவுகள்

அ) கேம்பிட் சரியா தப்பா என்பது பலகையில் இல்லை, எதிராளிக்கு மிச்சமிருக்கும் நேரத்தில் இருக்கிறது. கொடுப்பது சிப்பாய், வாங்குவது அவருடைய நிதானம்.

ஆ) கம்ப்யூட்டர் கிங்ஸ் கேம்பிட்டை மதிப்பதில்லை. காரணம் எளிது: அதற்குப் பிடிக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை.

இ) பரிந்துரை: காய் அடுக்கும்போதே "எந்த வண்டிக்குங்க?" என்று மரியாதையாக விசாரித்துக்கொள்ளவும். "நானுங்களா? சும்மா காத்தாட வந்தேனுங்க" என்று பதில் வந்தால், சிப்பாயை அதன் கட்டத்திலேயே விட்டுவைக்கவும்.