நீமோவுக்கு நான் செய்த உபசாரம்

உப்புநீர்த் தொட்டிக்கு வேண்டிய சாமான் எல்லாம் என்னிடம் உண்டு. உப்பளவு பார்க்கும் ரெஃப்ராக்டோமீட்டர், புரோட்டீன் ஸ்கிம்மர், அமோனியா டெஸ்ட் கிட், ஹீட்டர். ஆமாம், திருச்சியில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டர் வாங்கியவன் நான். தண்ணீரை 26 டிகிரிக்கு இறக்க இன்றுவரை தொட்டியின் மேல் ஃபேன் ஓடுகிறது. ஹீட்டர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

கொளத்தூர்க் கடையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் அனுப்பி, நீமோ மீன் ஜோடி வந்து சேர்ந்தது. கடைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார்: "பையை அப்படியே மிதக்க விடுங்க சார். சூடு ஒண்ணானதும் உப்பளவைப் பாத்துட்டு மீனை விட்ருங்க. லைட் போடாதீங்க. நாளைக்கு வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க."

இவ்வளவு சுலபமாகவா இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். பையைத் திறந்து பக்கெட்டில் கொட்டி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, மத்தியானம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்கினேன். மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பிஎச் இறங்கிக் கிடக்கும். அதனால் கழிவில் சேரும் அமோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அமோனியா விஷமாகிவிடும். தூரத்திலிருந்து வந்த மீனைச் சீக்கிரம் நல்ல தண்ணீருக்கு மாற்றச் சொல்வது அதனால்தான். நானோ அன்பாக, நிதானமாக, அந்த விஷத்திலேயே ஊற வைத்திருக்கிறேன். எப்படியோ பிழைத்தன.

ராத்திரி மனசு கேட்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டும் மேல் மூலையில் ஒருக்களித்து மிதக்கின்றன. மனைவியை எழுப்பித் துக்கச் செய்தி சொல்லிவிட்டு வலையை விட்டேன். பிணங்கள் இரண்டும் தொட்டியை நாலு சுற்றுச் சுற்றின. நீமோ தூங்குவதே அப்படித்தானாம். "இப்ப அதுங்களுக்கும் தூக்கம் போச்சு, எனக்கும் போச்சு" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் தீனியைத் தொடவில்லை. புது இடத்தில் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். வாசனை பிடிக்கவில்லையோ என்று பெல்லட், அதன் மேல் ஆர்ட்டீமியா, அதற்கும் மேல் அரைத்த இறால் என்று போட்டேன். எல்லாம் பாறை இடுக்கில் அழுகி, அமோனியா ஏறிவிட்டதென்று டெஸ்ட் கிட் பச்சை காட்டியது. அந்த வாரம் முழுக்கப் பக்கெட்டும் கையுமாக அலைந்தேன்.

அதற்குள் சின்னதுக்கு வலிப்பு. பெரியது பக்கத்தில் வந்தாலே உடம்பு வெடவெடவென்று உதறுகிறது. பெரியதைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனிச்சிறை வைத்தேன். வீடியோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன்.

"சார், அது கும்பிடு போடுது சார்."

நீமோக்கள் எல்லாமே பிறக்கும்போது ஆண் பக்கம்தான். ஜோடியில் பெரியது, அதிகாரம் செய்வது, பெண்ணாகிவிடும். சின்னது ஆணாகவே நின்று, 'நீ சொன்னால் சரி' என்று உடம்பை உதறிக் காட்டும். இந்த ஏற்பாட்டைத்தான் நான் நோய் என்று முடிவு கட்டி, குடும்பத் தலைவியை ஜெயிலில் போட்டிருந்தேன். விஷயத்தை மனைவியிடம் சொன்னதும் டப்பாவைத் திறந்து விட்டவள் அவள்தான்.

கடைசியாக வீடு. 2003-இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' பார்த்த யாருக்கும் தெரியும், நீமோ என்றால் கடல்சாமந்தி. உயிருள்ளதைக் காப்பாற்ற நமக்குத் திராணி இல்லை என்று, ரோஸ் நிறத்தில் சிலிகான் சாமந்தி ஒன்று வாங்கி நடுவில் வைத்தேன். தொட்டியிலேயே பொரிந்து வளர்ந்த குஞ்சுகள் இவை. சாமந்தியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. இரண்டும் சேர்ந்து, கண்ணாடியில் பாசி துடைக்க நான் ஒட்டி வைத்திருந்த காந்தத்தைத் தேர்ந்தெடுத்தன. அதை உரசிக்கொண்டே தூக்கம், அதன் நிழலில் சாப்பாடு.

இப்போது காந்தத்தை நகர்த்தப் போனால் பெரியது விரலைக் கடிக்கிறது. விரல் நீள மீனுக்கு அந்தக் கோபம் அதிகம்தான். கண்ணாடி பாசி பிடித்துக் கிடக்க, உள்ளே மீன் இருப்பதே சரியாகத் தெரியவில்லை. இன்னொரு காந்தம் வாங்கலாம் என்றேன். "அதுலயும் குடிபோயிட்டா?" என்கிறாள் மனைவி.