கன்னுக்குட்டியப் பூட்டி உழுத கதை

பேராண்டி, நட்டத்துல ஓடுற தொழில நிமித்துறது எப்படின்னு கேட்டியே, காதக் குடு. நல்ல கன்னுக்குட்டியா ஒண்ணு பாரு. பல்லு போட்டிருக்கக் கூடாது, திமில் எழும்பியிருக்கக் கூடாது. புடிச்சு ஏர்ல பூட்டு. வேடிக்க பாக்க வாரவன்கிட்ட துட்டு வாங்கிக்க. வயலு உழுதுச்சா இல்லையாங்கிற கவல உனக்கு எதுக்கு?

இது என் சொந்தச் சரக்கு இல்லப்பா. அமெரிக்காவுல டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்னு ஒரு பேஸ்பால் டீமு. பாப் ஷார்ட்டுன்னு முதலாளி. 1973-ல மட்டும் 105 ஆட்டம் தோத்த டீமு அது. மைதானத்துல ஈ ஓட்டிக்கிட்டிருந்தாங்க. அப்பத்தான் ஹூஸ்டன்ல டேவிட் கிளைடு கண்ணுல பட்டான். 18 வயசு, இடது கையால பந்து வீசுற பிட்சர். பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம் 18 ஆட்டம் ஜெயிச்சான், ஒண்ணுகூடத் தோக்கல. 1,25,000 டாலர் குடுத்து வளைச்சுப்புட்டாங்க.

இப்படிப்பட்ட பயலச் சின்ன லீக்குல ரெண்டு மூணு வருஷம் மேய விடுறதுதான் அங்க வழக்கம். தோளு முத்தணும், பந்த வளைக்கப் பழகணுமாம். வேலையத்த வழக்கம்! ஷார்ட்டு, பய பள்ளிக்கூடம் முடிச்ச இருபதாம் நாளே பெரிய லீக்குல இறக்கிட்டாரு.

ஜூன் 27, ஆர்லிங்டன் மைதானம். 35,698 பேரு. சனம் உள்ள வந்து சேரட்டும்னு ஆட்டத்தயே தள்ளி ஆரம்பிச்சாங்கன்னா பாத்துக்கயேன். பய முதல் ரெண்டு பேரச் சும்மாவே பேஸுக்கு நடக்க விட்டான். அடுத்த மூணு பேரும் ஸ்ட்ரைக் அவுட்டு! 5 இன்னிங்ஸ், குடுத்தது ஒரே ஹிட்டு. 4-3ன்னு ஜெயம்.

ரெண்டு ஆட்டம் வீசட்டும், பொறவு சின்ன லீக்குக்கு அனுப்பிருவோம்னுதான் பேச்சு. கல்லா நெறஞ்சப்பொறம் பேச்சு எவனுக்கு ஞாபகம் வரும்? பயல பெரிய லீக்குலயே வச்சிருக்க வேண்டாம்னு நெனச்ச மேனேஜர் ஒய்ட்டி ஹெர்சாக்குக்கு செப்டம்பர்ல வேல போச்சு. பயலுக்கு அந்த வருஷம் 4 வெற்றி, 8 தோல்வி. மறுவருஷம் ஷார்ட்டு டீமயே வித்துட்டுக் கைய உதறிட்டாரு. பொழைக்கத் தெரிஞ்ச மனுசன்.

பொறவு பயலுக்குத் தோள்ல ஆபரேசன். கிளீவ்லாந்து டீமுக்காரங்க ரெண்டு சீசன் வச்சுப் பாத்தாங்க. 1979-ல பெரிய லீக்குல கடைசியா வீசுனப்ப வயசு 24. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. பள்ளிக்கூடத்துல ஒரே வருஷத்துல அள்ளுன அதே 18-ஐ எடுக்க இங்க அஞ்சு சீசன் ஆச்சு.

கன்னுக்குக் கடைசிவர தீவனம் போடணுமேன்னு பயப்படாத, பேராண்டி. அந்தக் காலத்துல 4 வருஷ சர்வீஸ் இருந்தாத்தான் லீக்குல பென்ஷன். கிளைடுக்கு 37 நாள் கொறஞ்சுபோச்சு.