பாட்டி இன்னும் பிறக்கவில்லை

மனிதன் எப்போது சாகிறான்? இதயம் நின்றாலா, மூளை நின்றாலா? 1968இல் ஹார்வர்டில் ஒரு குழு உட்கார்ந்து மூளைச்சாவுக்கு இலக்கணம் எழுதியது. இவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டாம். மலேசியாவின் கோல சிலாங்கூர் பக்கம் வந்து, புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) வைத்திருக்கும் ஒரு பாட்டியிடம் கேட்டிருக்கலாம். பிறக்காமலே எண்பது வருஷம் வாழ்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருப்பார்.

பாட்டி பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். பிரசவம் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரி. பிறப்பை எழுதிவைக்க வேண்டிய கிராணிக்கு அன்று வேறு வேலை. விவரம் தெரியும் முன்பே அம்மாவோடு நெரைக்குப் போய் மங்கு துடைத்தவர், பிறகு வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவினார். கட்டைவிரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. சிவப்பு அட்டை மைலோ டின்னுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாக.

அந்தத் தோட்டம் என்ன ஆனது? வெள்ளைக்காரத் துரை போனார், உள்ளூர் முதலாளி வந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள், வங்காளதேசிகளைக் கொண்டுவந்தார்கள். பழைய மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனாலும் அது 'அதே தோட்டம்'தான், பத்திரம் செல்லும். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. மலாய் தெரியுமா என்று அந்த ஊரை யாரும் நேர்காணல் செய்யவில்லை. குடியுரிமை கேட்டுப் போனால், இருந்த இடத்தைவிட்டு நகராத பாட்டியைத்தான் கேட்கிறார்கள்.

ஆள் யார் என்ற வழக்கு பழசுதான். செத்த இடையன் மூலன் உடம்பில் திருமூலர் புகுந்துவிட, மூலன் மனைவி ஊராரிடம் முறையிட்டாள். சாத்தனூர்க்காரர்கள் ஆளைப் பார்த்தார்கள், பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள். ஆளைப் பார்த்தார்கள், ஐயா! நம் பதிவு இலாகா கவுண்டரில் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. திருமூலரே வந்தாலும் பிறப்புப் பத்திரம் எங்கே என்பார்கள்.

2018இல் பிரதமர் மகாதீர் பெரிய மனசு பண்ணி, அறுபது வயதைத் தொட்ட 3,407 சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவித்தார். அறுபதாம் கல்யாணத்துக்குப் பதிலாகப் பிரசவம்! எமனுக்கு யார் தகவல் சொல்வது?

அவன் வந்தால் ஒரு சிக்கலும் இல்லை. சாவைப் பதிய ஐசியின் நிறம் தடையில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சாவையும் பதிந்தே ஆகவேண்டும். பாட்டி பெயரில் முதன்முதலாக ஒரு சான்றிதழ் வரும்.

2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை அரசியலமைப்பில் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. அதன்படி, பெற்றோர் இருவரும் சிவப்பு ஐசி என்றால், இந்த மண்ணிலேயே பிறக்கும் பிள்ளைக்கும் தானாகக் குடியுரிமை கிடையாது.